உருதுக் கணக்கு

முதல் மணி நேரம் முடிந்து பெல் அடித்ததும் எங்கள் இன்சார்ஜ் தபரேஸ் சார் மார்க்கரை என் கையில் கொடுத்தார். லைனில் இருந்த எல்லாரும் கைதட்டினார்கள். ஆம்பூரில் எங்கள் ஷூ கம்பெனியில், ஷூவின் மேல்பாகமான அப்பரைத் தைக்கிற லைனுக்கு ஒரு பெண் சூப்பர்வைசர் ஆவது அதுதான் முதல் தடவை. அந்த இடத்துக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமும் கிடையாது. எத்தனை வருஷ சர்வீஸ் என்று மட்டும் கேட்காதீர்கள். மகன் பிறப்பதற்கு முன்பே வேலைக்குச் சேர்ந்தேன், இப்போது அவன் கண்ணாடி முன்னால் நின்று மீசையை ஒதுக்குகிறான். என்னால் முடிந்த கணக்கு அவ்வளவுதான்.

எழுத்து எனக்கு நன்றாக வரும். பஸ் ஆம்பூர் வருவதற்குள் பேப்பரைப் படித்து முடித்துவிடுவேன். எண்கள்தான் நிற்பதில்லை. காதில் சரியாகத்தான் விழும், கைக்கு வருவதற்குள் இடம் மாறி உட்கார்ந்துகொள்ளும். ஒடுகத்தூரில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் இதற்குத் திமிர் என்று பெயர். போன வருஷம்தான் மகன் போனில் எதையோ படித்துவிட்டு, "இது சோம்பேறித்தனம் இல்லம்மா, சில பேரு மூளைக்கு நம்பரு இப்படித்தான் வருமாம்" என்றான். அன்று அடுப்படியில் தனியாக நின்று கொஞ்சம் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

கம்பெனியில் அதற்கு வேறு பெயர். ஒருமுறை அட்டைப்பெட்டி மேல் சைஸ் எண்ணைத் திருப்பி எழுதிவிட்டேன். லைனில் தைக்கிற ஷர்மிளா பார்த்துவிட்டு, "இன்னாக்கா, உருது மாதிரி வலது பக்கத்துலேந்து எழுதிக்கிறே?" என்றாள். லைனில் பாதிப் பேர் வீட்டில் உருது பேசுகிறவர்கள். வயிறு வலிக்கச் சிரித்தார்கள். அன்றிலிருந்து நான் எண்ணை மாற்றினால் அது உருதுக் கணக்கு. எண்களை உருதுவிலும் இடது பக்கத்திலிருந்துதான் எழுதுவார்கள் என்று, வீட்டில் உருது பேசுகிற பில்கிஸ் ஒருநாள் சொல்லிப் பார்த்தாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நானும்தான். அந்தக் கேலிக்குள் எனக்குச் சௌகரியமாக இருந்தது.

ஆனால் மணிக்கு ஒருமுறை எத்தனை ஜோடி முடிந்தது என்று போர்டில் எழுதுவதுதான் சூப்பர்வைசரின் முதல் வேலை. முந்தின நாள் சாயங்காலம் என் வீட்டுக்காரர் பிரேம்நாத் எண்களைச் சொல்லச் சொல்ல எழுதிப் பார்த்தேன். பாதியிலேயே அவர் நிறுத்திவிட்டார்.

"வேணாம்னு சொல்லிடேன் மேகலா. எதுக்குப் பேஜாரு?"

"அந்த லைன என்னய மாதிரி வேற யாரு பார்ப்பா?" என்று கேட்டேன். அவர் மறுபடியும் எண்களைச் சொல்லத் தொடங்கினார்.

இப்போது ஷர்மிளா கடைசி மெஷினிலிருந்து எண்ணிக்கையைச் சத்தமாகச் சொன்னாள். எழுதினேன். அவள் சொன்னது நாற்பத்தெட்டு, போர்டில் இருந்தது எண்பத்து நான்கு என்று பிறகு சொன்னார்கள்.

தபரேஸ் சார் சிரித்துவிட்டார். "மொத நாளே உருதுக் கணக்கா?"

லைனே சிரித்தது. கெட்ட எண்ணமில்லாத சிரிப்புதான். நானும் சிரித்தபடி அழித்து எழுதியிருந்தால் அந்த மணி நேரம் தப்பியிருக்கும். அடுத்த மணி நேரமும் சிரிப்பார்கள். அதற்கப்புறம் விஷயம் ஆபீசுக்குப் போகும், லைன் என் கையை விட்டுப் போய்விடும். போனால்கூடப் போகட்டும். கோமாளியாக அங்கே நிற்க எனக்கு மனசில்லை.

"உருது இல்ல சார்," என்றேன். "எனக்கு நம்பர் வராது. சின்ன வயசுலேந்தே அப்படித்தான். இத்தினி நாளும் உருது மேல பழியப் போட்டுட்டு இருந்தேன்."

சிரிப்பு நின்றது. ஷர்மிளா தலையைக் குனிந்துகொண்டாள்.

"போர்டு எழுதாம இன்னா சூப்பர்வைசர் மேகலா?" என்றார் தபரேஸ் சார்.

"போர்ட ஷர்மிளா எழுதட்டும் சார். லைன நான் பார்த்துக்கறேன். எந்த மெஷின் மக்கர் பண்ணப் போவுதுன்னு சத்தத்துலயே சொல்லிடுவேன். யாரு தையல் எங்க இழுக்கும்னு தெரியும். குடுத்த வேலைய நான் வேணாம்னு சொல்லல. நம்பர் வராதுன்னுதான் சொல்றேன்."

குரல் நடுங்கவில்லை. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமையாக இருக்கிறது.

தபரேஸ் சார் தாடியைத் தடவினார். "ஆபீஸ்ல கேக்கணும். ஒத்துக்கலைன்னா?"

"வந்து என்கிட்டயே சொல்லட்டும் சார்."

அவர் போர்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அப்போது நடு வரிசையிலிருந்து பில்கிஸ் குரல் கொடுத்தாள்.

"சூப்பர்வைசர் அக்கா, நூல் சிக்கிக்கிச்சு. கொஞ்சம் வர்றீங்களா?"

அதுவரை அவள் என்னை மேகலாக்கா என்றுதான் கூப்பிட்டிருக்கிறாள். மார்க்கரைத் தபரேஸ் சார் கையில் கொடுத்துவிட்டுப் போனேன். குனிந்து பார்த்தேன். நூல் ஒழுங்காகத்தான் இருந்தது, எங்கேயும் சிக்கவில்லை. பில்கிஸ் என் முகத்தைப் பார்க்காமல் பெடலில் காலை வைத்தாள். அவள் மெஷின் ஓட, பக்கத்து மெஷினும் ஓடத் தொடங்கியது.