பதினைந்து குதிரை

கியர் பெட்டியின் அடித் திருகைத் தளர்த்தி, வழிந்த எண்ணெயைக் குணவதி விரலில் ஏந்திப் பார்த்தாள். பால் காப்பி நிறம். உள்ளே கடல் தண்ணீர் புகுந்திருக்கிறது.

மோட்டாரைச் சாய்த்துப் பிடித்திருந்த ஃபிக்ரி வேறு பக்கம் பார்த்தான். அவன் விற்கக் கொண்டுவந்திருந்த பதினைந்து குதிரைச் சக்திப் படகு மோட்டார் அது. மேல் மூடியில் பாதி வண்ணம் உரிந்திருந்தது.

"சீல் போயிருக்கு, காக். மத்தபடி நல்ல எஞ்சின்" என்றான் மலாயில், அவளை அக்கா என்று அழைத்து.

"பாத்தீங்களாம்மா?" வாசற்படியில் கைகட்டி நின்ற மகன் கபிலன் சொன்னான். "காலைல நர்ஸ் என்ன சொன்னாங்க? அப்பா இன்னிக்குத் தாண்டறதே கஷ்டம்னாங்க. இந்த நேரத்துல ரிப்பேர் எஞ்சின் தேவையா?"

"சாயங்காலம் இதப் பாக்க வேற ஆள் வருதாம். கொண்டாரச் சொன்னதே உங்கப்பாதான்."

ஆயர் ஈத்தாமில் அவர்கள் வீட்டு முன்னறையில், வாசலைப் பார்த்த சன்னலோரம், அவள் கணவர் புவனேஸ்வரன் படுத்திருந்தார். ஈரலில் புற்று. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பி மூன்று வாரமாகிறது. அதற்குமுன் பதினோரு வருடம், மழையில்லாத சனிக்கிழமைகளில், அவரும் குணவதியும் தெலுக் பஹாங்கிலிருந்து தங்கள் சிறு படகில் மீன் பிடிக்கப் போனார்கள். அவர் கை தளர்ந்த கடைசி வருடத்தில் படகை ஓட்டியவள் அவள்தான். அவர் படுக்கையில் விழுந்த மாதமே பழைய மோட்டாரின் பிஸ்டன் உடைந்தது. படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது.

அதை விற்றுவிட்டு அம்மா தன்னோடு செபராங் ஜெயாவுக்கு வந்துவிட வேண்டும் என்பது கபிலனின் எண்ணம். இரண்டு முறை சொல்லிவிட்டான். இரண்டு முறையும் அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

இப்போது விரலைத் துணியில் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

"எண்ணெயில தண்ணி கலந்திருக்குங்க."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "கயிறு இழுத்தியா?"

"இழுத்தேன்."

"கைய உள்ள வாங்குச்சா?"

"நல்லா வாங்குச்சு. தோள் வரைக்கும். உள்ள அழுத்தம் இருக்கு."

அவர் மூச்சு விட்டு, அடுத்த மூச்சு வருவதற்குள் அவள் சன்னல் திரையைச் சரிசெய்து முடித்திருந்தாள்.

"அப்ப எடுத்துக்கலாமாங்க?"

"ஓட்டப்போறது நீ" என்றார். "என்னைய எதுக்குக் கேக்கறே?"

அவள் வெளியே வந்தாள். புது எண்ணெய் ஊற்றித் திருகை முறுக்கினாள். தண்ணீர் நிரப்பிய நீல டிரம்முக்குள் விசிறி இறங்கும்படி, ஃபிக்ரியும் அவளும் மோட்டாரைத் தூக்கி மரச் சட்டத்தில் மாட்டினார்கள். பிளக்குகளைக் கழற்றி உப்புத்தாளால் தேய்த்தாள். கால் ஒன்றைச் சுவரில் ஊன்றிக் கயிற்றை இழுத்தாள்.

ஒன்றுமில்லை. இன்னும் நான்கு முறை இழுத்தாள். "நான் இழுக்கறேன், காக்" என்று ஃபிக்ரி முன்னால் வந்தான்.

"நில்லு."

ஆறாவது இழுப்பில் மோட்டார் இருமியது. ஏழாவதில் பிடித்துக்கொண்டது. டிரம் தண்ணீர் கொதிப்பதுபோல் எழும்பி அவள் கால்களை நனைத்தது. நீலப் புகை வாசலை மூடியது. ஆனால் மோட்டாரின் பக்கவாட்டுத் துளையிலிருந்து குளிர்விக்கும் தண்ணீர் பீச்சவில்லை. இப்படியே ஓடினால் சூடேறி எரிந்துபோகும். குணவதி கொண்டையிலிருந்து ஊசியை உருவித் துளைக்குள் விட்டுக் குடைந்தாள். உப்புக்கட்டி ஒன்று உதிர்ந்தது. அதன் பின்னாலேயே வெதுவெதுப்பான தண்ணீர் வில்லாக வளைந்து கபிலனின் கால்சட்டையில் அடித்தது.

அவன் நகரவில்லை. சன்னல் வழியே உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா, அப்பாவப் பாருங்க."

அவர் முகம் சன்னல் பக்கம் திரும்பியிருந்தது. போர்வைமேல் கிடந்த வலது கை, மோட்டாரின் பிடியைத் திருகுவதுபோல் மெல்லத் திரும்பியது. குணவதி பிடியைத் திருகினாள். சத்தம் ஏறியது. அவர் கை நின்றபோது அவளும் நிறுத்தினாள். தடுமாறிய சத்தம் சீராகி ஒரே ஓட்டமாக ஓடியது.

"இது எனக்கு" என்றாள் ஃபிக்ரியிடம், மலாயில். "சீலும் பம்பும் மாத்தித் தரணும். வேற ஆள வரவேணாம்னு சொல்லிடு."

பிறகுதான் மகனைப் பார்த்தாள். "நான் இங்கதான் இருப்பேன், கபிலா."

அவன் தலையாட்டினான்.

மோட்டாரை அணைத்துவிட்டு, கை கழுவாமலே உள்ளே ஓடினாள். புவனேஸ்வரன் சிரித்துக்கொண்டிருந்தார், மூன்று வாரத்தில் அப்படிச் சிரித்ததில்லை. "ரெண்டு சிலிண்டரும் அடிக்குதுலா" என்றார். அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான்கு மணி சுமாருக்கு அந்தக் கை கனத்தது.

கடைசியாகக் குளிப்பாட்டும்போது அவர் விரல்களில் கறுப்பாக ஒட்டியிருந்த எண்ணெயைக் கபிலன் சோப்புப் போட்டுத் தேய்க்கப் போனான். "இருக்கட்டும், விடு" என்றாள் குணவதி.

சாம்பல் கரைக்க வாடகைப் படகு பேசிவிட்டதாக அவன் சொன்னபோது, வேண்டாம் என்றாள். பொம்பிளை படகோட்டுவதா என்று நாத்தனார் நவமணி கேட்டதற்குக் கபிலனே பதில் சொன்னான்: "அம்மாதான் ஓட்டுவாங்க, அத்தே."

ஐந்தாம் நாள் காலை தெலுக் பஹாங்கில் கடல் தட்டையாகக் கிடந்தது. கலசத்தை மடியில் வைத்துக்கொண்டு கபிலன் ஓரமாக உட்கார்ந்தான்.

"நடுவுல உக்காரு."

நகர்ந்து உட்கார்ந்தான். ஃபிக்ரி சீலும் பம்பும் மாற்றிக் கொடுத்திருந்த மோட்டார் அவளது இரண்டாவது இழுப்பிலேயே பிடித்தது. முனையைத் தாண்டி ஆழமான இடத்தில் அவள் மோட்டாரைத் தணித்தாள். அவன் கலசத்தைக் கவிழ்த்தான். சாம்பலோடு போட்ட பூக்கள் பிரிந்து தூரமாகப் போகும்வரை இருவரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு கேட்டான்: "இது எவ்ளோ வேகம் போகும்மா?"

"பிடிச்சுக்க."

அவள் பிடியை முழுதாகத் திருகினாள். படகின் மூக்கு தண்ணீரைவிட்டு எழுந்தது. கபிலன் இரண்டு கைகளாலும் பலகையைப் பற்றிக்கொண்டான். கொஞ்ச தூரம் போனதும் ஒரு கையை விட்டான். பிறகு மற்றதையும்.