மேல் பூச்சு

சுஹேல் அகமது கையுறையை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். லாங் பஜாரில் ஒரு மாடியில் இருந்தது அவருடைய விளையாட்டுப் பொருள் கடை. கீழே ஒரு தள்ளுவண்டி வழியை அடைத்திருந்தது. ஹாரன் சத்தம் நின்றபாடில்லை.

விக்கெட் கீப்பர் கையுறை. மணிக்கட்டுப் பட்டை வெள்ளைத் தோல். அதன்மேல் நீல மையில் ஜெபராஜின் கையெழுத்து. மாநில அணிக்கு ஆடியவர். இறந்துவிட்டார். அவரிடம் கேட்க முடியாது.

எதிரே மூர்த்தியும் விஜயகுமாரியும் உட்கார்ந்திருந்தார்கள். ஆம்பூரிலிருந்து பஸ்ஸில் வந்த கணவனும் மனைவியும். அங்கே கிரிக்கெட் கிளப்பில் புதிதாகக் கண்ணாடி அலமாரி வைத்திருக்கிறார்கள். முதலில் வைத்த மட்டை போலி என்று தெரிந்து ஊர் சிரித்துவிட்டது. இனி சுஹேல் சரி என்று சொன்னால்தான் எதுவும் உள்ளே போகும். கிளப் செயலாளர் சூரியபிரகாஷ், விஜயகுமாரியின் தம்பி.

“என் தம்பிதான் பாய், இவரைப் பாக்குறப்பெல்லாம் ‘மாமா, எனக்கும் ஒரு ஜெபராஜ் கையெழுத்து போட்டுக் குடேன்’னு கேக்குறான்,” என்றாள். “கல்யாண வீட்டுல, பந்தியில, எல்லார் முன்னாடியும்.”



“எங்க வாங்கினீங்க, அண்ணே?” என்று சுஹேல் கேட்டார்.

“எங்க கிரவுண்டுல. மேட்ச் பாக்க வந்தாரு. நான் கீப்பிங். முடிஞ்சதும் கூப்ட்டு, ‘நல்லா புடிக்கிறே’ன்னாரு. அவரே பேனா எடுத்தாரு.”

“பக்கத்துல யாரு இருந்தாங்க?”

“யாரும் இல்ல பாய். எல்லாம் பிரியாணிக்குப் போய்ட்டாங்க.”

சுஹேல் சிரிப்பை அடக்கிக்கொண்டார். கைபேசியில் ஜெபராஜின் வேறு கையெழுத்துகள் இருந்தன. ஒப்பிட்டுப் பார்த்தார். வடிவம் சரியாக இருந்தது. நகத்தால் மெல்ல வருடினார். எங்கும் தட்டவில்லை. கண்ணாடி போல வழுக்கியது.

கையுறையை மேசையில் வைத்தார்.

“தப்பா நெனைக்காதீங்க. இது கம்பெனி பிரிண்ட். பெரிய ஆட்டக்காரங்க கையெழுத்தைத் தோல்ல அச்சடிச்சு, மேல பாலீஷ் குடுத்து விப்பாங்க. பேனான்னா மை மேல இருக்கும். இதுல அடியில இருக்கு.”

விஜயகுமாரி கணவனைப் பார்த்தாள். மூர்த்தி தன் கைகளைப் பார்த்தார்.

“மேல இருக்கிறது நான் அடிச்சது,” என்றார்.

“இன்னா அடிச்சீங்க?”

“லேக்கர், பளபளப்புப் பூச்சு. ஷூ கம்பெனில ஸ்பிரே அடிக்கிற வேலை பாய். தோல் மேல மையை அப்படியே உட்டா பரவிடும். பனி மாதிரி ரெண்டு கோட் குடுத்தேன். ஒரு புள்ளி கலையல.”

கடைசி வாக்கியத்தில் கொஞ்சம் பெருமை இருந்தது.

“அதுலதான் பேஜார் பண்ணிட்டீங்க,” என்றார் சுஹேல். “இப்ப அச்சுக்கும் இதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியல.”

மூர்த்தி யோசித்தார். “தின்னர் வச்சுத் தொடைச்சா தெரியும்.”

“தெரியும். சூடு வச்சு அடிச்ச அச்சுன்னா அசையாது. பேனான்னா வந்துடும்.”

“வந்துடும்னா?” என்றாள் விஜயகுமாரி.

“பூச்சோட சேர்ந்து கையெழுத்தும் போய்டும்க்கா. ஓரத்துல தொட்டாலும் தொட்ட எடம் போனதுதான்.”

அவள் கையுறையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். “வேணாம். நெஜம்னு காட்டுறதுக்கு அதையே அழிப்பாங்களா? வீட்டுலயே இருக்கட்டும். அவன் கேட்டா கேட்டுட்டுப் போறான்.”

“குடு,” என்றார் மூர்த்தி.

“சொன்னா கேளுங்க.”

“நான் சாகுற வரைக்கும் கேப்பான். குடு.”

சுஹேல் கீழே இறங்கி, பெயின்ட் கடையில் தின்னர் வாங்கிவந்தார். பஞ்சை மூர்த்தியே நனைத்தார். பிழிந்தார். கையெழுத்தின் முடிவில் வால் போல ஒரு கோடு வலப்பக்கம் ஓடியது. அதன்மேல் மட்டும் ஒருமுறை இழுத்தார்.

பஞ்சு நீலமானது.

சுஹேல் உருப்பெருக்கியை எடுத்துக் குனிந்தார். மை போன இடத்தில் பேனா அழுத்திய தடம் இருந்தது. இத்தனை காலம் அதைப் பூச்சு நிரப்பி வைத்திருந்தது. தடம் போகப்போக மெலிந்து, ஓரிடத்தில் இல்லாமல் போனது.

“பேனாதான்,” என்றார்.

“நானே போட்டுக்கிட்டேன்னு சொல்லுவான்.”

“பாத்து எழுதுறவன் கடைசில நிறுத்துவான் அண்ணே. அங்க குழி விழும். இது வேகமா இழுத்துட்டு அப்படியே கையைத் தூக்கினது. நெறைய பேருக்குப் போட்டுப் பழகின கை. செயலாளருக்கு நானே போன் பண்றேன்.”

மூர்த்தி தலையாட்டினார். வாலில்லாத கையெழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு தயங்கிக் கேட்டார்.

“தொடைச்ச எடம் தெறந்து கெடக்கு. லேசா ஒரு கோட் மட்டும்...”

“அடிச்சீங்கன்னா கம்பெனி பிரிண்டுன்னு நானே எழுதிக் குடுத்துடுவேன்.”

விஜயகுமாரி சிரித்தாள். நீலப் பஞ்சை எடுத்து ஒரு தாளில் மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

“அது எதுக்கு?” என்றார் மூர்த்தி.

“ஞாயித்துக்கிழமை தம்பி சாப்பிட வர்றான்ல. இலையில வைக்கிறேன்.”