அக்காவின் மடிக்கணினியை நான் சரிசெய்த கதை

1

இந்தக் கதை கோபத்தில் பிறந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். யார் மீது கோபம் என்பதைத்தான் மூன்று முறை மாற்றி எழுதிவிட்டேன். முதல் வரைவு இப்படித் தொடங்கியது:

அந்த மெக்கானிக்கின் கடையில் காலடி வைத்தபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், அவன் ஒரு

ஒரு என்ன? அயோக்கியன் என்று எழுதி அடித்தேன். பொறுப்பில்லாதவன் என்று எழுதி அதையும் அடித்தேன். அந்த வாக்கியம் அப்படியே கிடக்கட்டும்.

விஷயம் இதுதான். ஆறு வருடங்களுக்கு முன், மூடப்போகிற ஓர் அலுவலகத்திலிருந்து அக்கா ஒரு பழைய மடிக்கணினியை வாங்கினாள். வீட்டிலிருந்தபடியே தட்டச்சு செய்து கொடுப்பது அவள் தொழில்: ஆய்வேடுகள், மனுக்கள், பிறகு என் கதைகள். நான் இன்னும் காகிதத்தில்தான் எழுதுகிறேன். என் கிறுக்கலைப் படிக்கத் தெரிந்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான். அந்தக் கணினியின் பித்தானை அமுக்கிவிட்டுப் போய்க் குளித்து, தலை துவட்டி வந்தாலும் அது பாதிதான் விழித்திருக்கும். ஒரு பக்கக் கீல் உடைந்து, சுவரில் சாய்த்தால்தான் திரை நிற்கும். எழுத்துகள் தேய்ந்த விசைகளை அவள் பார்க்காமலே தட்டுவாள்.

அவள் ஒரு வாரம் வெளியூர் போயிருந்தாள். அதற்குள் அதைப் புதிது போலாக்கி அவளை அசத்திவிட நினைத்தேன். அன்பினால்தான்.

[தட்டச்சு செய்பவரின் குறிப்பு: அசத்தச் சொல்லி யாரும் கேட்கவில்லை. – அக்கா]

2

மேலே அடைப்புக்குறிக்குள் இருப்பது நான் எழுதியதல்ல. பதினெட்டு நாட்களாக அக்கா என்னோடு பேசுவதில்லை. கைப்பிரதியை அவள் மேசையில் வைப்பேன். மறுநாள் அச்செடுத்த தாள்கள் என் மேசைக்கு வந்துவிடும். முதல் பகுதி திரும்பி வந்தபோது அந்த வரி அதில் உட்கார்ந்திருந்தது. என் கதைக்குள் கை வைக்க இவள் யார் என்று கோபம் தலைக்கேறியது. இத்தனை நாளில் அவள் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை அது என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது. அந்த வரியை அப்படியே விட்டுவிட்டேன்.

மெக்கானிக்குக்கு வருகிறேன். இந்தப் பாத்திரம் எனக்கு ஒத்துழைக்கவே மாட்டேன் என்கிறது. வில்லனாக்க எவ்வளவோ முயன்றேன். மனிதர் மேசையில் வெள்ளைத் துணி விரித்து, கழற்றிய திருகுகளை எந்தத் துளையிலிருந்து வந்ததோ அந்த வரிசையில் அடுக்குகிறார். விசிறிக்குள்ளிருந்து தூசியைப் பஞ்சு போல் சுருட்டி எடுக்கிறார். புதுக் கீல், புது பேட்டரி, கூடுதல் ராம், பழைய ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில் புது எஸ்.எஸ்.டி.

[முதல் பகுதியில் 'அவன்'. இங்கே மரியாதை வந்துவிட்டது. வாசகர் கவனிக்கவும்.]

அவர் கேட்டதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

"பழசுல இருக்கறதெல்லாம் நல்லாத்தான் இருக்கு. அப்படியே புதுசுக்கு மாத்திடட்டுமா?"

"வேணாங்க. என் கதைங்களை மட்டும் பென்டிரைவ்ல எடுத்துட்டேன். மத்ததெல்லாம் குப்பை. அதையும் ஏத்தினா மறுபடி மந்தமாயிடும்."

"மிஷின் உங்களுதா?"

"எங்க அக்காவோடது."

"அவங்களை ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்."

"நான் சொன்னா அவங்க சொன்ன மாதிரிதான்."

அவர் கடையில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டாம் என்ற டிஸ்க் அடுத்தவர் கைக்குப் போகக் கூடாது என்று, நம் கண்ணெதிரே அதில் மூன்று துளை போட்டுவிடுவார். அதற்கு முன் உரிமையாளர் தன் கைப்பட ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும். நகலைப் பையில் போட்டுக் கொடுப்பார். நான் எழுதினேன். துளை போடுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன்.

3

அக்கா ஊரிலிருந்து வந்து கணினியைத் திறந்தாள். "பத்தே விநாடி பாத்தியா," என்றேன். அவள் எதையோ தேடினாள்.

"இதுல சில்லறைன்னு ஒரு ஃபோல்டர் இருந்துச்சே."

"அதுவா? பழைய பில்லு, கில்லுன்னு நினைச்சேன்."

பையைக் கவிழ்த்தாள். சீட்டு விழுந்தது. 'எல்லாம் குப்பை. அழித்துவிடவும்.' உரிமையாளர் என்ற இடத்தில் என் கையெழுத்து.

"கடைக்காரருக்கு இது புரிஞ்சுதா?" என்று கேட்டாள்.

"நான்தான் படிச்சுக் காட்டினேன்."

அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தி, மாலைக்குள் சமாதானமாகியிருப்போம். ஒரு மனுஷி இப்படியா வாயை மூடிக்கொள்வது? அத்தனை முக்கியமானதற்கு எவளாவது சில்லறை என்று பெயர் வைப்பாளா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? சத்தியமாக அதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை

[இன்றுவரை அவன் கேட்கவில்லை. அதனால் வாசகருக்குச் சொல்கிறேன். ஆறு வருடமாக ஊரார் எழுதியதையெல்லாம் தட்டினேன். 'இந்த ஆள் இப்படியா செய்வான்' என்று தோன்றும் இடத்தில் நிறுத்தி, அவனை வேறு வழியில் நடக்கவிட்டு, நானே எழுதிப் பார்ப்பேன். இருநூற்றுப் பதினொரு துண்டுகள். அதில் நாற்பது, தம்பியின் கதைகளுக்கு நான் எழுதிய முடிவுகள். அவனுடையதைவிட நன்றாக இருந்தன. கண்ணில் பட்டால் அவன் சும்மா இருக்க மாட்டான் என்றுதான் அந்தப் பெயர் வைத்தேன்.]

4

மேலே உள்ள குறிப்பை மூன்று நாட்களாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். மெக்கானிக் மீதிருந்த கோபம் போய்விட்டது. அக்கா மீது கோபப்பட இனி வாய் கிடையாது. மிச்சம் இருப்பது ஒரே ஆள். அவனைப் பற்றிச் சொல்ல எனக்குத் தெரிந்த வசவெல்லாம் போதவில்லை. அந்தக் கணினியில் என் கதைகளை மட்டும் பொறுக்கி எடுத்தானே, அந்தக் கையை என்ன செய்வது? கெடுதல் செய்ய வந்தவனுக்குக்கூடக் கொஞ்சம் பயம் இருக்கும். உதவி செய்ய வந்தவனுக்கு அதுவும் கிடையாது.

எனவே இந்தக் கதைக்கு மூன்று முடிவுகள் எழுதியிருக்கிறேன். முதல் முடிவு:

[இதற்குப் பிறகு கைப்பிரதியில் நான்கு தாள்கள் இருந்தன. முதல் முடிவில் மெக்கானிக் ரகசியமாக ஒரு நகல் வைத்திருந்தாராம். இரண்டாவதில் நான் மன்னித்துவிட்டேனாம். மூன்றாவதில், முடிவை நீயே எழுது அக்கா என்று அரைப் பக்கம் காலியாக விட்டிருந்தான். இதற்கும் அன்பு என்றுதான் பெயர் வைப்பான். நான்கு தாள்களையும் கிழித்துவிட்டேன். அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வாசகர் வேண்டுமானால் ஒரு முடிவை எழுதிக்கொள்ளலாம். எழுதினால் இரண்டு இடத்தில் சேமித்து வையுங்கள். வீட்டில் பாசக்காரத் தம்பி இருந்தால் மூன்று இடத்தில்.]