பத்திரிகையில் ஏறிய மெக்சிகோ

சிமெண்டு ஆலை போர்மேன் கொளஞ்சியப்பன் பயிற்சிக்கென்று இரண்டு மாசம் மெக்சிகோ போய்விட்டு அரியலூர் திரும்பிப் பத்து நாளாச்சு. ஒருத்தரும் மதிக்கவில்லை. துபாய் என்றால் சனம் சென்ட்டு கேட்கும், சிங்கப்பூர் என்றால் கோடாலித் தைலம். மெக்சிகோக்காரனிடம் என்ன கேட்பது?

அவருக்கு வேண்டியதோ ஒன்றே ஒன்றுதான். மச்சினன் செல்லப்பனின் மகள் கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகிறது. அதில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' வரிசையில், சொந்தக்காரர் வீட்டுப் பத்திரிகைகளில் எப்போதும் முதலில் நிற்கும் 'சாமிதுரை, சிங்கப்பூர்' என்பதற்கு மேலே, 'கொளஞ்சியப்பன், மெக்சிகோ' என்று வரவேண்டும்.

செல்லப்பன் லேசில் மசிகிறவரா? "ஆல்பத்தக் காட்டுங்க மச்சான், பாத்துட்டுச் சொல்றேன்" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

முதல் படத்தில் ஊர் நடுவே ஒரு பெரிய மைதானம். சுற்றிலும் வளைவு வளைவாகக் கல் கட்டடங்கள்.

"எல்லாம் முந்நூறு, நானூறு வருசத்துக் கட்டடம் மாப்ளே."

"புதுசா ஒண்ணும் கட்டலியா அவனுங்க?"

அடுத்தது தள்ளுவண்டி. வெந்த சோளக்கதிரில் எலுமிச்சை பிழிந்து மொளகாத்தூள் தடவிக்கொண்டிருந்தாள் ஒருத்தி.

"நம்ம பஸ் ஸ்டாண்டு பாப்பாயி கணக்கால்ல இருக்கா."

ரோஸ் வீடு, ஒட்டினாற்போல் நீல வீடு. "இது ஜெயங்கொண்டம் ரோடு" என்றார் செல்லப்பன். தோளில் மாதா சப்பரம், முன்னால் பேண்டு. "இது வரதராஜன்பேட்டை மாதா திருவிழா."

டீ கொண்டுவந்த கொளஞ்சியப்பன் பெண்சாதி ராசாத்தி, புருசனை ஒரு பார்வை பார்த்தாள். "இதுக்கா ஏரோப்ளேன்ல போனீங்க? டவுன் பஸ்ல போயிட்டுச் சாயந்தரமே வூடு வந்திருக்கலாம்."

கொளஞ்சியப்பன் ஆல்பத்தைப் புரட்டினார். மிச்சம் ஒரே ஒரு படம்.

"இந்த மாதா கோயிலப் பாரு மாப்ளே, சாஞ்சிருக்கா? ஏரியத் தூத்து ஊரக் கட்டிட்டாங்க, வருசா வருசம் எறங்குது. உள்ள தூக்குக்குண்டு தொங்கவிட்டு, எவ்வளவு சாஞ்சிருக்குன்னு காட்டுறாங்க. அதப் பாக்க வெள்ளக்காரன் கூட்டங்கூட்டமா வரான்."

செல்லப்பன் நிமிர்ந்தார். அவர் வீடும் தூர்த்த ஏரியில் நிற்பதுதான். கூடத்துச் சுவர் ஒரு பக்கம் சாய்ந்து, கை நுழைகிற அளவு விரிசல். சம்பந்தி வீட்டார் கண்ணில் படாமலிருக்க அவர் பீரோவை இங்குமங்கும் நகர்த்திப் பார்த்தது தெருவே அறிந்த ரகசியம்.

"சாஞ்சதப் பாக்கவா வரான்?"

"அதுக்குன்னேதான் வரான்."

பத்திரிகை வந்தது. முதல் பேர் கொளஞ்சியப்பன், மெக்சிகோ. சாமிதுரை கீழே இறங்கிவிட்டார்.

பொண்ணழைக்க எறையூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்தபோது பீரோவைக் காணோம். விரிசலுக்குப் பக்கத்தில் செல்லப்பன் கொத்தனாரிடம் வாங்கிய தூக்குக்குண்டு தொங்கியது. அதன் பக்கத்தில், பட்டு வேட்டியில், விளக்கம் சொல்ல மெக்சிகோ கொளஞ்சியப்பன்.

சம்பந்தி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "அங்க எத்தன வருசமா நிக்கிதுங்க?"

"நானூறு வருசம் இருக்குமுங்க."

"இது?"

"எட்டு."

"அப்ப முந்நூத்தித் தொண்ணூத்திரண்டு வருசத்துக்குப் பயமில்ல" என்று பந்திக்கு நடந்தார் சம்பந்தி.

பின்னாலேயே போகக் கொளஞ்சியப்பனும் காலெடுத்தார். செல்லப்பன் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"நீங்க எங்க மச்சான் போறீங்க? இன்னும் ரெண்டு வேன் வரணும்."