சுத்தமான ஒன்பது வீடுகள்

வயலுக்கு அடிக்கும் விஷத்தைக் கரப்பான் மருந்து என்று சொல்லி, உரிமம் இல்லாத ஒருவன் அந்தத் தெருவில் ஒன்பது வீடுகளுக்குள் அடித்துவிட்டுப் போயிருந்தான். பெரியவர்களுக்குத் தலைசுற்றல், குழந்தைகளுக்கு வாந்தி. சுகாதார ஆய்வாளர் முதல் நாளே போன் போட்டு வருவதாகச் சொல்லிவிட்டு, மறுநாள் வீடு வீடாகப் போய்த் தரையைப் பஞ்சால் துடைத்து மாதிரி எடுத்தாள். சோதனையில் ஒரு வீட்டிலும் விஷம் இல்லை என்று வந்தது. கோப்பை மூடிவிடு என்றார் மேலதிகாரி.

அவளுக்கு மண்டை காய்ந்தது. அப்புறம்தான் உறைத்தது. ஆபீசிலிருந்து ஆள் வருகிறது என்று தெரிந்தால் எவள் வீட்டைப் போட்டது போட்டபடி வைத்திருப்பாள்? மாமியார் வருகிறாள் என்றால் இவளே கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து துடைப்பவள்தானே. போனை எடுத்த தன் கையைத்தான் உடைக்க வேண்டும்.

இந்த முறை சொல்லாமல் போனாள். முதல் வீட்டுக்காரி பதறினாள்.

"ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாமே மேடம். வீடு கெடக்கற கெடப்பப் பாருங்க."

"அது கெடக்கட்டும்க்கா. அன்னைக்கு நாங்க வர்றதுக்கு முன்னாடி தரையை எதால துடைச்சீங்க?"

"பழைய போர்வையைக் கிழிச்சு மூணு தடவை துடைச்சேன். நாளைக்கு நீங்க ஒரு குறை சொல்லிடக் கூடாதுல்ல."

"அந்தத் துணி எங்கே?"

"நல்ல கெட்டித் துணி, தூக்கிப்போட மனசு வரல. கால் துடைக்கப் போட்டிருக்கேன்" என்று சமையலறை வாசலைக் காட்டினாள்.

அங்கே அவளுடைய கைக்குழந்தை குப்புறப் படுத்து, அந்தத் துணியின் ஓரத்தைச் சப்பிக்கொண்டிருந்தது.