பெட்ரோனா சொன்ன பதில்

பெட்ரோனா கரையில் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது காட்டுக்குள் இருக்கும் ஆயுதக்காரர்களின் இரண்டு படகுகள் வந்து நின்றன. அவர்கள் வந்தால் ஓடக்கூடாது, கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும். எங்கள் அத்ராத்தோ ஆற்றங்கரையில் இது சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

அன்று அவர்கள் எதையும் கேட்கவில்லை. ஊரையே பந்துத் திடலுக்கு வரச் சொன்னார்கள். நடுவில் கடைக்காரர் அனிபாலை மண்டியிட வைத்திருந்தார்கள்.

அனிபாலுக்கும் பெட்ரோனாவுக்கும் ஆகாது. அவளும் நானும் போகும் சபை அவருக்கு எப்போதும் கேலிதான். அவள் கடைக்குப் போனால், "வாங்க அல்லேலூயா அக்கா, பரலோகத்துல உப்பு தீந்துபோச்சா?" என்று ஆளைக் கூட்டிச் சிரிப்பார். அவள் உப்பை வாங்கிக்கொண்டு பேசாமல் வந்துவிடுவாள்.

வந்தவர்களின் தலைவன் மீசை சரியாக முளைக்காதவன். "இவன் பட்டாளத்துக்கு பெட்ரோல் குடுத்தானாம். யாரு பாத்தீங்க?" என்றான்.

ஆளாளுக்குத் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவன் கண் பெட்ரோனாமேல் நின்றது.

"இந்தம்மா சபைக்காரி. பொய் சொல்லாது. நீ சொல்லும்மா, குடுத்தானா இல்லையா?"

நான் அவளுக்குப் பக்கத்தில் நின்றேன். அனிபால் தலையைத் தூக்கி அவளையே பார்த்தார்.

"குடுத்தாரு," என்றாள்.

அனிபாலின் மனைவி யாதிரா வீறிட்டாள். பெட்ரோனா நிறுத்தவில்லை. "துப்பாக்கியோட வந்து கேட்டாங்க, குடுத்தாரு. நீங்களும் வந்து கேட்டீங்க, உங்களுக்கும் குடுத்தாரு. ரெண்டு பேருக்கும் சோறாக்கிப் போட்டது நான். அது குத்தம்னா எனக்கும் பங்கு இருக்கு தம்பி. அவரை விட்டுடுங்க. முடியாதுன்னா என்னையும் கூட்டிட்டுப் போங்க."

"சோத்துக்காக நாங்க யாரையும் கொல்றதில்ல," என்றான் அவன், ஏதோ சலுகை கொடுப்பதுபோல. "உண்மையச் சொன்னே. அது போதும்."

அனிபாலைப் படகில் ஏற்றினார்கள். பெட்ரோனா இடுப்பளவு தண்ணீரில் இறங்கிப் படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"விட்டுடாதீங்க அக்கா," என்றார் அனிபால். கேலி பேசிய வாயிலிருந்து குழந்தைக் குரல் வந்தது.

ஒருவன் துப்பாக்கிக் கட்டையால் அவள் விரல்களில் அடித்தான். கை தானாக விட்டுவிட்டது. அவள் கரையோடு ஓடினாள், சேற்றில் விழுந்து எழுந்து ஓடினாள். "அனிபால், நான் இங்கதான் இருக்கேன். கர்த்தர் உங்ககூட இருக்காரு. கேக்குதா?" மோட்டார் சத்தத்தில் அவருக்குக் கேட்டதோ என்னவோ.

ஆற்றில் எது மிதந்து வந்தாலும் யாரும் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மறுநாள் காலையில் அனிபால் மிதந்து வந்தார். ஊர் கதவுகளைச் சாத்திக்கொண்டது. பெட்ரோனா மட்டும் வீங்கிய கையோடு தோணியைத் தள்ளிக்கொண்டு போனாள். போகும்போது அவள் அழுதுகொண்டிருந்தாள். பயத்தில் தோணிக்குள்ளேயே வாந்தி எடுத்தாள். ஆனாலும் அவரைக் கரைசேர்த்தாள்.

யாதிரா மட்டும் வெளியே வந்தாள். இருவரும் உடம்பைக் கழுவினார்கள். அதன்பின் ஒவ்வொருவராக நாங்களும் மண்வெட்டியோடு போனோம்.

குழியை மூடியபின் யாதிரா கேட்டாள்: "நீ இல்லேன்னு சொல்லியிருந்தா அவரு பொழைச்சிருப்பாரா?"

பெட்ரோனா வீங்கிய கையால் குழிமேட்டு மண்ணைத் தட்டிச் சமமாக்கினாள்.

"தெரியல தாயி. பொய்யும் வரல, அவரைக் காப்பாத்துற சொல்லும் வரல. எத்தனை தடவை கர்த்தர்கிட்ட கேட்டுட்டேன். அவரும் ஒண்ணும் சொல்லல."

யாதிரா அவளைத் திட்டவில்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. எழுந்து வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த வாரமே, ஆற்றில் வந்ததைத் தொட்டதற்காக ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்று ஆயுதக்காரர்கள் பெட்ரோனாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள். வாழைக்காய் ஏற்றிப்போகும் படகு ஒன்றில் ஒரு மூட்டையோடு ஏறினாள். எங்கே போய் இறங்குவாள் என்று அவளுக்கும் தெரியாது. வழியனுப்பக் கரைக்கு வந்த எங்களில் ஒருவருக்கும், இருந்துவிடு என்று சொல்ல வாய் வரவில்லை.