உட்காராத பதின்மூன்று பேர்

பதினான்காவது தடவையாக போன் அடித்தபோது, டெல்னா அதை எடுக்காமல் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். யார் என்று தெரியும். என்ன சொல்லப் போகிறார் என்பதும் பாதி தெரியும். மணி இரண்டே முக்கால். காக்கநாட்டில் அந்த மூன்றாவது மாடி ஆபீசுக்கு வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. மேஜையில் இருந்த சாயாவின் மேல் ஆடை படிந்துவிட்டது.

"சொல்லுங்க விஜயப்பன் சேட்டா."

"மோளே, வயசைச் சரி பண்ணிட்டேன். இப்ப நாப்பத்தோராவது ஆளோட போன் நம்பர் சரியில்லைங்குது."

"எப்படிப் போட்டிருக்கீங்க?"

"நடுவுல கொஞ்சம் இடம் விட்டு. படிக்க வசதியா இருக்கட்டுமேன்னு."

"இடம் விடக்கூடாது. பத்து எண்ணும் ஒட்டி இருக்கணும்."

"இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே."

"காலையில நீங்க வயசைப் பத்தித்தானே கேட்டீங்க?"

"காலையில உன் மெஷின் வயசைப் பத்தித்தானே சொல்லிச்சு?"

டெல்னா போனை வைத்துவிட்டு நெற்றியைப் பிடித்துக்கொண்டாள்.

விஷயம் இதுதான். குட்டநாட்டில் சிறுகடவு என்று ஒரு ஊர். அந்த ஊர் படகுக் கிளப்பின் செயலாளர் விஜயப்பன். அடுத்த சனிக்கிழமை வள்ளப் போட்டி. அவர்களுடைய சுண்டன் வள்ளம், அந்த நீளமான பாம்புப் படகு, அதில் ஓட வேண்டுமானால், ஏறப்போகிற தொண்ணூற்றாறு பேரின் விவரமும் இன்று மாலை ஐந்து மணிக்குள் பதிவாக வேண்டும். ஐந்து மணி ஒரு நிமிஷம் ஆனால் தளம் மூடிக்கொள்ளும். ஒரு மாதமாக வேலை வெட்டியை விட்டுவிட்டு, பள்ளிக்கூடத்தில் படுத்து எழுந்து பயிற்சி எடுத்த ஆட்கள் கரையில் நின்று கைதட்ட வேண்டியதுதான்.

பதிவுத் தளத்தை எழுதியவள் டெல்னா. வருகிற பட்டியலை சர்வரில் நிறுத்தி வைத்து, ஒவ்வொரு ஆளின் விவரமும் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கிற ஜாவாஸ்கிரிப்ட் அவள் கைவேலை. பெயர் எழுத்தாக இருக்கணும், வயது எண்ணாக இருக்கணும், இருக்கை எண் கட்டாயம் இருக்கணும், அது ஒன்றுக்குக் குறையக்கூடாது என்று வரிவரியாக எழுதி வைத்த சட்டத்துக்கு ஸ்கீமா என்று பெயர். அதில் ஒன்று பிசகினாலும் பட்டியல் முழுவதும் திரும்பிப் போய்விடும். போட்டிக் கமிட்டிக்காரர்கள் முன்னால் அவள் மார்தட்டிச் சொல்லியிருந்தாள், "தப்பான ஒரு வரி உள்ளே வராது சார்." பாவம், அன்றைக்கு அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

பதினைந்தாவது போன் வந்தது.

"இப்ப ஐம்பத்திரண்டாவது ஆளுக்கு வீட்டுப்பேர் காலியா இருக்காம். மோளே, நான் ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. என்னென்ன தப்புன்னு உன் மெஷினுக்கு மொத்தமா தெரியும் இல்லையா?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் பல்லு புடுங்கறவன் மாதிரி ஒவ்வொண்ணா புடுங்குது? எல்லாத்தையும் ஒரேயடியா சொல்லித் தொலைச்சா என்ன?"

உண்மையில் அதற்குத் தெரியாது. முதல் தப்பைக் கண்டதுமே நின்றுவிடும். மிச்சத்தைப் பார்ப்பதே இல்லை. எல்லாவற்றையும் பார்த்துச் சொல் என்று அமைப்பில் ஒரே ஒரு வார்த்தை மாற்றினால் போதும். அவள் மாற்றவில்லை. சோதித்துப் பார்த்த நாளெல்லாம் அவளே இட்டுக்கட்டிய மூன்று பேரை வைத்துத்தான் சோதித்தாள். மூன்று பேரில் எத்தனை தப்பு வந்துவிடப் போகிறது.

"லைன்ல இருங்க சேட்டா," என்றாள்.

திரும்பிப்போன பட்டியல் சர்வரில் கிடந்தது. அதைத் தன் கணினிக்கு இழுத்து, அந்த ஒரு வார்த்தையை மாற்றி ஓட்டினாள். இருபத்தாறு தப்புகள் திரை நிறைய விழுந்தன. பதின்மூன்றை ஒவ்வொன்றாகப் படித்தாள். அவர் அந்தப் பக்கம் முனகிக்கொண்டே திருத்தினார். நாலு மணிக்கு அவை முடிந்தன. மிச்சம் பதின்மூன்றும் ஒரே மாதிரி.

"இந்தப் பதிமூணு பேருக்கும் இருக்கை எண் போடலை சேட்டா."

"அவங்க உட்கார மாட்டாங்களே."

"என்னது?"

"அஞ்சு பேர் அமரக்காரங்க. பின்னால நின்னு வள்ளத்தைத் திருப்பறவங்க. எட்டு பேர் நிலைக்காரங்க. நடுவுல நின்னு பாடித் தாளம் குடுக்கறவங்க. நிக்கறவனுக்கு ஏது இருக்கை? நீ எந்த ஊரு மோளே?"

"கட்டப்பனை."

"அதான் பார்த்தேன். மலையில தண்ணி மேலேர்ந்து கீழே விழும். அதுல எவன் வள்ளம் விடுவான்."

டெல்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "ஏதாவது ஒரு நம்பர் போட்டு அனுப்புங்களேன். மணி நாலு ஆயிடுச்சு."

"போடமாட்டேன்."

"சேட்டா, தயவு பண்ணி."

"நீ தர்ற பட்டியலைத்தான் அச்சடிச்சு, புறப்படற இடத்துல ஆபீசர் கையில வச்சுக்கிட்டு ஆள் ஆளா எண்ணுவார். இல்லாத இருக்கையில என் அமரக்காரன் எப்படி உட்கார்ந்தான்னு கேட்டா நான் எங்க போய் முட்டிக்கறது? வள்ளத்தைத் தள்ளி வச்சிருவாங்க. மத்த கிளப்புக்காரங்க சொன்னாங்கதான். நான் கேக்கலை."

"என்ன சொன்னாங்க?"

"நீயே பாரேன்."

அவள் பார்த்தாள். ஏற்கெனவே பதிவான பதினெட்டு கிளப்புகளின் பட்டியலையும் திறந்தாள். அமரக்காரர், இருக்கை 999. நிலைக்காரர், இருக்கை 999. அடுத்த கிளப்பிலும் 999. பதினெட்டிலும் அதேதான். ஒன்றுக்குக் குறையக்கூடாது என்று எழுதியவள் மேலே எல்லை வைக்கவில்லை. யாரோ ஒருவர் கண்டுபிடித்து, செயலாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்க வேண்டும். ஸ்கீமா ஒவ்வொன்றையும் பார்த்து, சரி, சரி என்று தலையாட்டி உள்ளே விட்டிருக்கிறது. உண்மையைச் சொன்ன ஒரே ஒரு ஆளைத்தான் காலையிலிருந்து வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறது.

அவளுக்கு அழுகை வந்தது என்று சொல்லமாட்டேன். எரிச்சல்தான் வந்தது. இவ்வளவு நேரம் அந்த மனுஷன் மேல் இருந்த எரிச்சல் மொத்தமும் திரும்பி அவள் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது.

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் மேலாளர் ஹாரிஸ் பழம்பொரி தின்றுகொண்டிருந்தார்.

"ஹாரிஸ் இக்கா, ஸ்கீமாவை மாத்தணும்."

"நாளைக்கு மாத்து."

"இன்னைக்கு. இப்ப."

"கடைசி நாள்ல கோடிங்ல கை வைக்கக்கூடாதுன்னு நானா சட்டம் போட்டேன்? அன்னைக்கு மேஜையைத் தட்டி நீதானே சொன்னே."

"நான்தான் சொன்னேன். முட்டாள்தனமாச் சொன்னேன். இதைப் பாருங்க." மடிக்கணினியை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். ஹாரிஸ் ஆலப்புழைக்காரர். இரண்டு வரி படித்ததும் பழம்பொரியைத் தட்டில் வைத்தார்.

"அமரக்காரனை உட்கார வச்சிருக்கியா?"

"ஆமா."

"எங்க உம்மா பார்த்தா உன்னை அடிக்கவே வந்துருவாங்க. எனக்கும் காட்டினியே, நானும் பார்க்காம கையெழுத்துப் போட்டேனே. எவ்வளவு நேரம் ஆகும்?"

"இருபது நிமிஷம்."

"பத்துல முடி. சர்வர் விழுந்துச்சுன்னா எனக்கு ஒண்ணும் தெரியாது, நான் லீவு."

மாற்றம் சின்னதுதான். துடுப்புக்காரர் என்றால் இருக்கை எண் கட்டாயம். அமரக்காரர், நிலைக்காரர் என்றால் அந்த எண் இருக்கவே கூடாது. ஆறு வரி. ஆனால் மணி ஓடுகிறபோது ஆறு வரியும் அறுபதாகத் தெரிகிறது. ஒரு அடைப்புக்குறி விட்டுப்போய் முதல் தடவை ஓடவே மறுத்தது. இரண்டாம் தடவை, துடுப்புக்காரர்களையும் சேர்த்து எல்லோரையும் திருப்பி அனுப்பியது. மூன்றாம் தடவை சரியாக வந்தது. சர்வரில் ஏற்றும்போது மணி நாலு நாற்பத்தாறு.

"அனுப்புங்க சேட்டா."

"அனுப்பிட்டேன்." அவர் திரையைப் பார்த்துச் சொன்னார், "சுத்துது."

"சுத்தட்டும்."

"இன்னும் சுத்துது மோளே. மணி நாலு அம்பது."

"எதையும் தொட்டுராதீங்க."

"தொடலை. கையை அக்குள்ல வச்சிருக்கேன்." பிறகு அவர் குரல் இறங்கியது. "பதிவானது, தொண்ணூத்தாறு பேர், அப்படின்னு வந்திருக்கு. இது நிஜமா, இல்லை நாளைக்கு மாத்திச் சொல்லுவீங்களா?"

"நிஜம்தான். சிறுகடவு ஓடும்."

அவர் போனை வைக்காமலேயே யாரிடமோ சொல்ல, பின்னால் ஒரு கூட்டமே கூவியது. டெல்னா போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சரிந்தாள்.

அப்போதுதான் ஹாரிஸ் தடுப்பைத் தட்டினார். "அந்த 999 ஆளுங்க?"

புதிய சட்டப்படி பதினெட்டு கிளப்பும் தப்பு. அவர்களை அப்படியே விட்டால் சனிக்கிழமை ஆபீசர் கையில் இருக்கிற காகிதமும் தப்பு. கமிட்டியிடம் பேசி, திருத்தத்துக்கு மட்டும் நாளை மதியம் வரை நேரம் வாங்கினார் ஹாரிஸ். பதினெட்டு பேரிடமும் பேச வேண்டியது டெல்னாவின் பாடு. அவள் முதல் எண்ணை அழுத்தினாள்.

அந்தச் செயலாளர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார், "பெண்ணே, முந்தாநாள் நம்பர் போடாம அனுப்பினேன், எடுக்கலை. நேத்து போட்டேன், எடுத்துச்சு. இன்னைக்கு அந்த நம்பரை அழிச்சுடுங்கறே. உங்க மெஷின்ல எங்க அமரக்காரன் நிக்கணுமா, உட்காரணுமா? முதல்ல அதை முடிவு பண்ணிட்டுக் கூப்பிடு."

"நிக்கணும் சேட்டா," என்றாள் டெல்னா. "தப்பு என் மேல. நின்னுதான் ஆகணும்."